ஸ்பீக்கரில் சொன்ன பாஸ்

இராஜபாளையம்
31.8.2025, ஞாயிறு

அன்புள்ள அக்காவுக்கு,

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். நேற்று பஞ்சு மார்க்கெட் பக்கம் உன் மகன் படத்துப் போஸ்டர் ஒட்டியிருந்தார்கள். நாலு பையன்கள் முழுசாக நிற்கிறார்கள். அவர்களுக்குப் பின்னால் கதவோரத்தில் ஒரு பொம்பளையின் முழங்கை மட்டும் தெரிகிறது. அந்த முழங்கை என்னுடையது. நாற்பத்தேழு வயதில், போகிற வருகிற பஸ்ஸெல்லாம் பார்க்க, அதற்குப் பக்கத்தில் என் முழங்கையை வைத்து போட்டோ எடுத்துக்கொண்டேன். எடுத்துக் கொடுத்த இளநீர்க்காரர், "கை வலியாம்மா?" என்று கேட்டார்.

சிரித்து முடித்துவிட்டாயா? இனிமேல் சொல்லப்போவது சிரிக்கிற விஷயம் இல்லை. போனில் சொல்லியிருப்பேன். உன் போன் அடித்தால் அத்தான்தானே எடுக்கிறார். எடுத்ததும் ஸ்பீக்கரில் போட்டு நடுவீட்டில் வைத்துவிடுகிறார். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சத்தமாகப் படிக்கிறார். அதனால்தான் இந்தக் காகிதம். எங்கள் பேண்டேஜ் கம்பெனிக்கு உங்கள் ஊரிலிருந்து தினமும் வருகிற பியூலாவிடம் கொடுத்து அனுப்புகிறேன். நீயும் அவளிடமே கொடுத்துவிடு. எழுதுவது அஞ்சாங்கிளாஸ் கை, பொறுத்துப் படி.

கௌதம் இங்கே படம் எடுத்த இருபது நாளும் அவர்களுக்குச் சாப்பாடு பார்த்துக்கொண்டேன் என்று உன்னிடம் சொல்லியிருந்தேன். அது பாதிதான். அம்மா வேஷத்துக்கு மதுரையிலிருந்து ஒரு பெண் வந்திருந்தார். தங்கமான மனுஷி, ஆனால் திட்டத் தெரியவில்லை. மகனைத் திட்டச் சொன்னால் டிவியில் நியூஸ் வாசிக்கிறாற்போல் திட்டுகிறார். கௌதம் என்னைக் கூப்பிட்டு, எப்படித் திட்டுவது என்று ஒரு தடவை காட்டச் சொன்னான். காட்டினேன். மறுநாள் அந்தப் பெண்ணை ஊருக்கு அனுப்பிவிட்டு, சேலையை என் கையில் கொடுத்துவிட்டார்கள். அக்கா, படத்தில் அம்மா நான்தான். நடை உன் நடை, பேச்சு உன் பேச்சு. எனக்கு வேறு யாரைத் தெரியும்?

இதுவும் பாதிதான். கதைப்படி பன்னிரண்டாம் வகுப்புப் பையன் கெமிஸ்ட்ரியில் பெயிலாகிறான். அம்மா அதைக் கேட்டு அழ வேண்டும். கௌதம் எழுதியது அவ்வளவுதான். தன் சொந்தக் கதையில் பாதியை எழுதிவிட்டு, அப்பா முகத்துக்காக மீதியை விட்டிருக்கிறான். நான் சும்மா இருந்திருக்கலாம். "இது என்னடா, எல்லாப் படத்துலயும் வார அழுக. உங்க அம்மா அன்னைக்கு என்ன செஞ்சான்னு எனக்குத் தெரியாதா?" என்று சொல்லிவிட்டு, ஒத்திகைதானே என்று முழுசாக நடித்துக் காட்டிவிட்டேன். அத்தான் எலெக்‌ஷன் டியூட்டியிலிருந்து போன் போட்டது, பெயிலான பையனை நீ பாஸ் என்று சொன்னது, போனை வைத்துவிட்டு அவனைப் பார்த்து, "நீ பாஸுன்னு நான் சொல்லிட்டேன், இனிமே நீ பாத்துக்க" என்றது, அத்தான் அதை நம்பி மலைக்கோவிலில் மொட்டை போட்டது, எல்லாவற்றையும். அங்கே நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். அந்தச் சத்தத்தில் கேமரா ஓடிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியவில்லை.

கௌதம் வேண்டாம் என்றுதான் சொன்னான். கூட இருந்தவர்கள் இதுதான் படமே என்று நின்றார்கள். நானும் அவர்களோடு நின்றேன். அப்பா வேஷக்காரருக்கு மொட்டைத் தோல் ஒட்டி, மீசையை மட்டும் விட்டு, கையில் லட்டுப் பொட்டலம் கொடுத்து நிறுத்தினார்கள். பார்க்க அத்தான் மாதிரியே இருந்தது.

படத்தின் பெயர் 'கெமிஸ்ட்ரி சாருக்குக் காய்ச்சல்'. பன்னிரண்டாம் தேதி வெள்ளிக்கிழமை வருகிறது. உங்கள் ஊரிலும் போடுகிறார்கள். அதற்குள் நீயே அத்தானிடம் சொல்லிவிடு. ஒன்பது வருஷப் பொய்தான். காப்பி ஆறுவதற்குள் சொல்லி முடித்துவிடலாம்.

உன் முழங்கை,
பாண்டிசெல்வி


ஸ்ரீவில்லிபுத்தூர்
2.9.2025

செல்விக்கு,

உன் கடிதத்தைக் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு, இரண்டு தடவை படித்தேன். சின்ன வயதிலிருந்து உனக்கு இதே பழக்கம். பாதியைச் சொல்லிச் சிரிக்க வைத்துவிட்டு, மீதியை எதிராளி சிரித்துக்கொண்டிருக்கும்போது சொல்வாய். நான் சிரிக்கவில்லை.

உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். உன் அத்தான் பன்னிரண்டாம் தேதி காலைக் காட்சிக்குப் பதினான்கு டிக்கெட் சொல்லி வைத்திருக்கிறார். எல்லாரும் அவரோடு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள். எஸ்.ஐ.யாக இருந்த பேச்சிமுத்து திருத்தங்கலிலிருந்து வருகிறார். இன்ஜினியரிங் படித்துவிட்டுக் கேமராவுக்குக் குடை பிடிக்கப் போனான் என்று நாலு வருஷமாக மகனோடு நேரே பேசாத மனிதர் இவர். எது கேட்பதானாலும் என் மூலமாகக் கேட்பார். போஸ்டரில் அவன் பெயரைப் பார்த்த நாளிலிருந்து தினமும் அந்தத் தெரு வழியாகத்தான் காய்கறி வாங்கப் போகிறார். அந்தத் தெருவில் காய்கறிக் கடை கிடையாது.

நீ நடித்துக் காட்டிய அந்தப் போன், உனக்குத் தெரிந்ததுதான், மறுபடி நினைத்துப் பார். அன்று அவருக்கு ஓட்டு மெஷின் வைத்திருந்த காலேஜில் காவல். பத்துப் போலீஸ்காரர்களைச் சுற்றி உட்கார வைத்துக்கொண்டு ஸ்பீக்கரில் போட்டு, "ஏ சுந்தரம், நம்ம பய என்ன ஆச்சு? எல்லாரும் கேட்டுக்கிட்டு இருக்காவ" என்றார். பத்து பேர் காதில் பெயில் என்ற வார்த்தையை எப்படிப் போடுவேன்? வாய் பாஸ் என்று சொல்லிவிட்டது. பின்னால் பத்து பேரும் கைதட்டினார்கள். வீட்டுக்கு வந்ததும் தனியாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன். அவர் வீட்டுக்கு வரவில்லை. பஸ்ஸை விட்டு இறங்கி நேரே நம் ஊர்ப் பக்கத்துத் திருவண்ணாமலை மலைக்கோவில் பெருமாளிடம் போய், மொட்டையோடுதான் வாசலில் வந்து நின்றார். பெருமாளுக்குக் கொடுத்த முடியை நான் எப்படித் திருப்பி வாங்குவேன்? அப்புறம் நடந்தது உனக்குத் தெரியும். பையன் உன் வீட்டில் ஒரு மாதம் தங்கினான். ஸ்போக்கன் இங்கிலீஷ் என்று இங்கே சொன்னோம். மறுபரீட்சை எழுதிப் பாஸானான்.

வருகிற பதினான்கு பேரில் ஐந்து பேர் அன்று அந்தப் போனைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள்.

நீ தொடங்கியதை நீயே முடி. கௌதமிடம் சொல்லி அந்த இடத்தை எடுக்கச் சொல். அது முடிகிறவரை இந்தப் பக்கம் வராதே.

சுந்தரம்மாள்


இராஜபாளையம்
5.9.2025

அக்காவுக்கு,

கௌதமோடு பேசினேன். குரலே இல்லை பிள்ளைக்கு. தூங்கி எத்தனை நாளோ. படம் சென்சார் முடிந்து தியேட்டர்களுக்குப் போய்விட்டதாம். இப்போது ஒரு துண்டை எடுத்தால்கூட மறுபடி எழுதிக் கொடுத்து சர்டிபிகேட் வாங்க வேண்டுமாம். அதற்குள் தேதி போய்விடும். இந்தத் தேதியை விட்டால் பெரிய படங்கள் வந்துவிடும், தீபாவளி வரை இவனைச் சீண்ட ஆள் இல்லை. நாலு வருஷம் பிறத்தியாருக்குக் குடை பிடித்துவிட்டு வாங்கிய தேதி அது.

"நானே கிளம்பி வந்து அப்பாகிட்டச் சொல்லிருதேன் சித்தி" என்றான். நான் வேண்டாம் என்றேன். மகன் வந்து சொன்னால் அம்மாவைக் காட்டிக்கொடுத்த மாதிரி ஆகும், அவளே சொன்னால்தான் அது சொன்ன கணக்கு என்றேன். சரியாகச் சொன்னேனா என்று எனக்கே தெரியவில்லை.

நேற்று ராத்திரி வரை யோசித்தேன். அன்று காலை இட்லிச் சட்னியில் பேதி மாத்திரை கலந்துவிடலாமா என்று பார்த்தேன். அத்தான் வராவிட்டாலும் மற்ற பதினான்கு பேர் போய்ப் பார்த்துவிட்டு வந்து கதை சொல்வார்கள். எல்லாருக்கும் கலக்குவதென்றால் சட்னி காணாது. தியேட்டரில் கரண்டைப் பிடுங்கலாம் என்றால், பதினான்கு போலீஸ்காரர் உட்கார்ந்திருக்கிற இடத்தில் எவன் வயரில் கை வைப்பான்?

கடைசியில் உனக்காக நான் ஒத்திகை பார்த்தேன். எங்கள் வீட்டு கிரைண்டரை அத்தான் என்று வைத்துக்கொண்டு, அதன் முன்னால் உட்கார்ந்து, "ஏங்க, ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்" என்று ஆரம்பித்து, உன் குரலில் மூன்று தடவை சொன்னேன். சுலபமாகத்தான் இருந்தது. மூன்று தடவையும் கிரைண்டர் பேசாமல் இருந்தது. எழுந்திருக்கும்போதுதான் தோன்றியது. அத்தானும் அப்படித்தான் பேசாமல் இருப்பார். கத்துகிற ஆளாக இருந்தால் நான் இவ்வளவு யோசிக்க மாட்டேன்.

நீ கோபித்துக்கொள். பிறகு எத்தனை நாள் வேண்டுமானாலும் கோபித்துக்கொள். இன்னும் ஏழு நாள் இருக்கிறது. சொல்லிவிடு அக்கா.

செல்வி


ஸ்ரீவில்லிபுத்தூர்
9.9.2025

செல்விக்கு,

சொல்லத்தான் போனேன். சனிக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். வாய் திறப்பதற்குள் பேச்சிமுத்து அண்ணன் போன். வழக்கம்போல ஸ்பீக்கர். "சோலைச்சாமி, மவன் படத்துக்கு நாங்க விசில் கொண்டாரலாமா?" என்று கேட்டார். இவர் எனக்குத் தெரிந்து இந்த நாலு வருஷத்தில் அப்படிச் சிரித்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை மறுபடி போனேன். பீரோவைக் குடைந்துகொண்டிருந்தார். ஒரு போட்டோவை எடுத்துத் துடைத்தார். ஒன்பது வருஷத்துக்கு முந்திய மொட்டைப் போட்டோ. ஒரு பக்கம் இவர், ஒரு பக்கம் பிள்ளை. இதை லேமினேட் செய்து, படம் முடிந்ததும் வருகிறவர்களுக்குக் காட்ட வேண்டுமாம். "அன்னைக்கு இவன் பாஸானதுக்கு நான் குடுத்தது. இன்னைக்கு டைரக்டர் ஆயிட்டான்" என்று சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார், பாடம் ஒப்பிக்கிற மாதிரி. நான் அடுப்படிக்குப் போய்விட்டேன்.

நேற்று மூன்றாம் தடவை. "ஏங்க" என்றேன். "என்ன" என்று திரும்பினார். "நாளைக்குத் தயிர் வாங்கணும்" என்றேன்.

உனக்கு இது சிரிப்பாக இருக்கும். எனக்கு என்னவென்று சொல்கிறேன். இவர் முப்பது வருஷம் ஸ்டேஷனில் ரைட்டர். ஊரார் சொல்கிற பொய்யையெல்லாம் உட்கார்ந்து எழுதிய கை. எவன் பேச்சையும் ரெண்டு தடவை கேட்காமல் நம்ப மாட்டார். வீட்டுக்குள் வந்தால் நான் சொன்னதை ஒரு தடவைகூடத் திருப்பிக் கேட்டதில்லை. பையனுடைய மார்க் ஷீட்டைக்கூட வாங்கிப் பார்க்கவில்லை. "நீ சொல்லிட்டேல்ல, பொறவு என்ன" என்றார். அடிப்பார், திட்டுவார் என்று நான் பயப்படவில்லை. வெள்ளிக்கிழமைக்குப் பிறகு நான் தயிர் வாங்கினேன் என்று சொன்னாலும் பாத்திரத்தைத் திறந்து பார்ப்பாரோ என்றுதான் பயம்.

இன்றைக்குச் சந்தனக்கலர் சட்டையை எடுத்து இஸ்திரிக்குக் கொடுத்துவிட்டார். நான் அவர் பக்கத்தில்தான் உட்காரப் போகிறேன். நீ என்னைப் போல நடந்து பேசுவதை நானே பார்க்கப் போகிறேன்.

சுந்தரம்மாள்


இராஜபாளையம்
12.9.2025, மத்தியானம்

அக்கா,

கம்பெனியில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு இங்கே காலைக் காட்சிக்குப் போனேன். நாற்பது பேர் இருந்திருப்பார்கள். உங்கள் ஊரிலும் பத்தரைக்குத்தான் ஆரம்பம் என்று பியூலா சொன்னாள். அதனால் நான் திரையைப் பார்க்கவில்லை, செல்லில் மணியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பதினொன்று நாற்பதுக்கு அந்தப் போன் இடம் வந்தது. இங்கே எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். இதே நிமிஷம் அங்கேயும் சிரிக்கிறார்கள், நடுவில் நீ உட்கார்ந்திருக்கிறாய் என்று நினைத்ததும் எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

கம்பெனிக்குத் திரும்பி வந்து, சுற்றின பேண்டேஜ் சுருளையே மறுபடி பிரித்துச் சுற்றிக்கொண்டிருக்கிறேன். என்ன நடந்தது என்று ஒரு வரி எழுது. திட்டியாவது எழுது.

செல்வி


ஸ்ரீவில்லிபுத்தூர்
14.9.2025

செல்விக்கு,

நீ கேட்ட ஒரு வரி: அவர் ஒன்றும் சொல்லவில்லை.

மற்றதையும் எழுதுகிறேன், வேறு யாரிடம் சொல்வேன். இரண்டு வரிசையில் உட்கார்ந்தோம். முதலில் எல்லாம் இவர்தான் பெரிதாகச் சிரித்தார். பையன்கள் பரீட்சைக்குப் பயந்து கையில் பொய்க் கட்டுப் போட்டுக்கொண்டு வரிசையாக வந்தபோது கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். நீ வந்ததும் என் கையைத் தட்டி, "இந்தா பாரு, செல்வி. அச்சு அசல் நீயே" என்றார். அவ்வளவு சந்தோஷம்.

போன் அடித்தது. நீ பாஸ் என்று சொன்னாய். தியேட்டர் சிரித்தது. இவரும் சிரிக்க ஆரம்பித்தார், பாதியில் நின்றுவிட்டது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. பின்னாலேயே மொட்டை. பேச்சிமுத்து அண்ணன் பின்வரிசையிலிருந்து இவர் தோளைப் பிடித்துக் குலுக்கி, "ஏ சோலை, ஒன்னையப் பாத்துத்தான்யா எடுத்திருக்கான். நீயும் அன்னைக்கு..." என்று சொல்லிக்கொண்டே வந்தவர், அப்படியே கையை எடுத்துக்கொண்டார். பிறகு ஒவ்வொருவராகச் சிரிப்பை நிறுத்தினார்கள். எங்கள் இரண்டு வரிசை மட்டும் பேசாமல் இருந்தது, மற்ற ஜனம் எல்லாம் சிரித்துக்கொண்டிருந்தது. இவர் ஒரு தடவை தலையைத் தடவிக்கொண்டார். அவ்வளவுதான்.

இடைவேளையில் பதினான்கு பேருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். கடைசிவரை உட்கார்ந்து பார்த்தார். வெளியே வந்து எல்லாரையும் பஸ் ஏற்றினார். போட்டோவை யாருக்கும் காட்டவில்லை. வீட்டுக்கு வந்து அதைப் பீரோவில் வைத்துப் பூட்டினார். சாப்பிட்டார். இரண்டு நாளாக 'ம்' என்பதைத் தவிர என்னிடம் வேறு பேச்சு இல்லை. போன் வந்தால் காதில் வைத்துக்கொண்டு தெருவுக்குப் போய்விடுகிறார். வீட்டுக்குள் ஸ்பீக்கர் சத்தம் இல்லாமல் எனக்கு என்னவோ போல் இருக்கிறது.

காலேஜ் பஸ் நம் வீட்டைத் தாண்டும்போது பையன்கள் ஜன்னல் வழியாக, "நீ பாஸுன்னு நான் சொல்லிட்டேன்" என்று கத்திக்கொண்டு போகிறார்கள். அவர்களுக்கு இந்த வீடு என்று தெரியாது. அவருக்குத் தெரிகிறது.

சுந்தரம்மாள்


இராஜபாளையம்
18.9.2025

அக்காவுக்கு,

உன் மகன் படம் ஓடுகிறது. இதைச் சந்தோஷமாகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை கிருஷ்ணன்கோவில் காலேஜ் பிள்ளைகள் கூட்டமாக வந்ததில், தியேட்டர்க்காரர்கள் ஹவுஸ்புல் போர்டைத் தேடித் தூசி தட்டி மாட்டினார்களாம். எங்கள் கம்பெனியில் சுருளைச் சோதிக்கிற பெண்கள் ஒவ்வொன்றையும் தள்ளிவிடும்போது, "நீ பாஸுன்னு நான் சொல்லிட்டேன்" என்கிறார்கள். சூப்பர்வைசரும் சொல்கிறார். யூடியூபில் ஒரு தாடிக்காரப் பையன் அம்மாதான் படமே என்று பேசியிருக்கிறானாம், கௌதம் அனுப்பினான். நான் திறந்து பார்க்கவில்லை.

இதை எழுத உட்கார்ந்தது வேறு காரியத்துக்கு. நேற்று மத்தியானம் சாப்பாட்டு மணி அடித்ததும் வாட்ச்மேன் வந்து, கேட்டில் ஒருவர் நிற்கிறார் என்றார். அத்தான். வண்டியை விட்டு இறங்கவில்லை. ஹெல்மெட்டை மட்டும் கழற்றி மடியில் வைத்திருந்தார். வாட்ச்மேன் வேறு, சினிமாக்காரி என்று என்னோடு போட்டோ எடுக்க நின்றுகொண்டிருந்தார்.

"திட்டுறதுன்னா திட்டிருங்க அத்தான்" என்றேன்.

அவர் என்னைப் பார்க்காமல், "படத்துல அவ அழலியே" என்றார்.

ஆமாம் என்றேன்.

"நெசத்துலயும் அழலியா?"

அக்கா, அந்த இடத்தில்தான் எனக்குப் புரிந்தது நான் செய்த காரியம். கௌதம் அழச் சொல்லித்தான் எழுதியிருந்தான். நான்தான் சிரிப்பு வரட்டும் என்று அழுகையை எடுத்தேன். அன்றைக்கு நீ போனை வைத்துவிட்டுப் பையனிடம் அந்த வார்த்தையைச் சொன்னது நிஜம். அதற்குப் பிறகு அடுத்த பஸ்ஸைப் பிடித்து இங்கே வந்து, என் வீட்டுப் பின்கட்டில் துணி பண்டலுக்கு நடுவில் உட்கார்ந்து, பத்துக் காவலர் கைதட்டினதைச் சொல்லிச் சொல்லி அழுதாயே, அதை நான் யாருக்கும் நடித்துக் காட்டவில்லை. ஒரு சுருள் பேண்டேஜ் துணி முழுக்க நனைந்துபோயிற்று, விற்க முடியவில்லை. படத்தில் பொய்யைச் சொல்லிவிட்டு இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிற்கிறது நான். அதை நீ என்று நினைத்துக்கொண்டு அந்த மனிதர் ஐந்து நாளாகப் பேசாமல் இருந்திருக்கிறார்.

எல்லாவற்றையும் சொன்னேன். பண்டலையும் சொன்னேன், துணியையும் சொன்னேன்.

"எம்புட்டு நேரம்?" என்றார்.

"சாயங்காலம் வரைக்கும் அத்தான். கடைசி டவுன் பஸ்லதான் வந்தா."

ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டார். "அத நீ படத்துல வெச்சிருக்கலாம்" என்று சொல்லிவிட்டு வண்டியைத் திருப்பினார். அவ்வளவுதான் பேச்சு. கோபமா இல்லையா என்று முகத்தில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. எழுதியிருந்தாலும் ஹெல்மெட் மறைத்துவிட்டது.

நான் செய்தது கேலியோடு நிற்கும் என்று நினைத்தேன். மன்னிப்புக் கேட்டால் நீ நம்ப மாட்டாய், நான் கேலி பேசுகிற தோரணையிலேயேதான் அதையும் கேட்பேன். ஆனாலும் கேட்கிறேன். வீட்டில் என்ன நடக்கிறது என்று எழுது.

பாண்டிசெல்வி


ஸ்ரீவில்லிபுத்தூர்
22.9.2025, திங்கள்

செல்விக்கு,

நீ எழுதினதைப் படித்துவிட்டு, அவர் உன்னிடம் வந்தார் என்பது தெரிந்தது போலக் காட்டிக்கொள்ளாமல் மூன்று நாள் இருந்தேன். அவரும் ஒன்றும் கேட்கவில்லை.

நேற்று காலை காப்பி குடித்து முடித்ததும் மேஜையைத் துடைத்தார். வெள்ளைத் தாள் வைத்து, நடுவில் கார்பன் வைத்து, எதிரே ஒரு நாற்காலியைப் போட்டு, "உக்காரு" என்றார். உட்கார்ந்தேன். பேனாவைத் திறந்துகொண்டு, "பேர்?" என்றார்.

முதலில் எனக்கு விளங்கவில்லை. பிறகு சுந்தரம்மாள் என்று சொன்னேன். எழுதினார். கணவர் பெயர் என்ன என்று கேட்டார். என் வாயில் அது வராது என்று அவருக்குத் தெரியும். சற்று நேரம் பார்த்துவிட்டு அவரே எழுதிக்கொண்டார். சம்பவத்தன்று நடந்ததைச் சொல்லச் சொன்னார். தலை குனிந்தபடி எழுதிக்கொண்டே கேட்டார். அது எனக்கு வசதியாக இருந்தது. அவர் பேனாவைப் பார்த்துக்கொண்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ரிசல்ட் வந்தது, போன் வந்தது, பாஸ் என்றது, உன் வீட்டுக்கு வந்தது, ஸ்போக்கன் இங்கிலீஷ், மறுபரீட்சை. அழுததை நான் சொல்லவில்லை. "சாயங்காலம் வரை" என்று அவராகவே ஒரு வரி சேர்த்துக்கொண்டார்.

ஒரு இடத்தில் பேனாவை நிறுத்தி, "போன் ஸ்பீக்கர்ல இருந்தது ஒனக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

"தெரியும். அதான்" என்றேன்.

இரண்டு வரி எழுதினார். பிறகு எழுதினதைச் சத்தமாகப் படித்துக் காட்டினார்: "மேற்படி போனைப் பத்து பேர் முன்னிலையில் ஸ்பீக்கரில் போட்டது மேற்படி கணவர். அதனால் உண்மை சொல்ல வழியில்லாமல் போயிற்று." கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, வேறு ஏதாவது உண்டா என்று கேட்டார்.

உண்டு என்றேன். உட்கார்ந்ததுதான் உட்கார்ந்தோம் என்று தோன்றியது. தொலைந்துபோனதாகச் சொன்ன பச்சை ஸ்வெட்டரைப் பாத்திரக்காரனுக்குப் போட்டதைச் சொன்னேன். எழுதினார். அவர் தங்கை கொடுத்துவிட்ட ஊறுகாயை நாம் சாப்பிடவில்லை, பூசணம் பிடித்துக் கொட்டினேன் என்பதைச் சொன்னேன். எழுதினார். மூன்று வருஷமாகச் சர்க்கரை இல்லை என்று கொடுக்கிற காப்பியில் அரை ஸ்பூன் போடுகிறேன் என்றேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டார். மகன் பெயிலானதற்கு வராத கோபம் அதற்கு வந்தது. டாக்டரிடம் மூன்று வருஷம் தானும் பொய் சொன்னதாக ஆகிவிட்டதே என்றார். ஒரு வாரத்துக்கப்புறம் அவர் என்னைத் திட்டியது அப்போதுதான். கேட்க நன்றாக இருந்தது.

கையெழுத்து வாங்கினார். படித்துக் காட்டப்பட்டது, சரி என்று கீழே எழுதினார். அப்புறம் கௌதமுக்குப் போன் போட்டார். நாலு வருஷத்தில் முதல் தடவை. காதில் வைத்துத்தான் பேசினார், ஆனால் தெருவுக்குப் போகவில்லை. அவன் என்ன சொன்னானோ, இவர், "பேச்சிமுத்து நல்லா சிரிச்சான். நானும் பாதி வரைக்கும் சிரிச்சேன்" என்றார். செத்த நேரம் கழித்து, "மீதிய இன்னொருக்க பாத்துட்டுச் சொல்லுதேன்" என்றார்.

புதன்கிழமை மத்தியானக் காட்சிக்கு இரண்டு டிக்கெட் எடுத்திருக்கிறார். நண்பர்கள் யாரும் வேண்டாமாம். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு நீ இங்கே ஆஜராக வேண்டும் என்று சொல்லச் சொன்னார். உன்னுடையது நீளமாக இருக்கும் என்று தாள் கூடுதலாக வாங்கி வைத்திருக்கிறார். நானும் உன்னிடம் சில கேள்விகள் கேட்பேன். இடுப்பில் கை வைத்துக்கொண்டு நான் எப்போது நின்றேன் என்பது முதல் கேள்வி.

எழுதின வாக்குமூலத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். இன்று காலை அந்தச் சட்டையை ஊறப்போடும்போது நான் பையைப் பார்க்கவில்லை. அலசப் போனபோது பக்கெட் தண்ணீர் நீலமாக இருந்தது. வேட்டி இரண்டும் நீலம். உடனே போய் அவரிடம் சொல்லிவிட்டேன். அதற்குத்தான் கார்பன் வைத்து எழுதுவது என்றார். அந்தப் பிரதி எங்கே என்று கேட்டேன். அதே பையில்தான் வைத்தாராம்.

சுந்தரம்மாள்